ஓட்டைத் தகடு

வோல்டர்வீன்,
6 அக்டோபர் 1935

அன்புத் தங்கை ஹில்லிக்கு,

அண்ணன் லாம்மெர்ட் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணி யான்டீனும் ஆளுக்கொரு இருமலோடு சௌக்கியம். நீயும் மாப்பிள்ளை எக்பெர்ட்டும் குட்டி கிரீட்டும் எப்படி இருக்கிறீர்கள்? என்ஸ்கெடே மில்களைப் பற்றிப் பத்திரிகையில் கண்டபடி எழுதுகிறார்கள். மாப்பிள்ளையின் தறிக்கு ஆபத்து ஒன்றும் இல்லையே?

உனக்கு ஒரு பெரிய சேதி. நம் ஊர்ப் பாதைச் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சாயங்காலத்தில் வேலையே கிடையாது என்று ஊருக்கு ஒரு நினைப்பு. கால்வாய்ப் பாலத்தில் ஆரம்பித்து, புதர்வெளியைக் குறுக்கே தாண்டி, ரயில் நிலையம் வரை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும் ஒரு பாதை. இப்போது இருக்கிற வண்டிப்பாதையில் மணல் சக்கரத்தைப் பாதி விழுங்குகிறது என்பது உனக்கே தெரியும். சைக்கிளுக்கு வரி வாங்குகிற அரசாங்கம் அந்தப் பணத்தில் மோட்டார்க்காரனுக்கு ரோடு போடுகிறது. நமக்கு நாமே போட்டுக்கொண்டால்தான் உண்டு.

மண் வெட்ட ஆள் கிடைத்துவிட்டது. வேலையில்லாதவர்களைப் பட்டணங்களிலிருந்து கூட்டி வந்து இங்கே முகாமில் தங்கவைக்கிறார்களே, அவர்களில் இரண்டு கோஷ்டியை நமக்குத் தருகிறார்கள். கூலி அரசாங்கத்தின் செலவு. பாதைமேல் கொட்டுகிற கிளிஞ்சலும், அதற்குப் பிறகு வருஷா வருஷம் பராமரிப்பும் சங்கத்தின் தலையில். பாதை போடுவது கல்யாணம் மாதிரி, எல்லோரும் வந்து நிற்பார்கள். பராமரிப்பு அதற்கப்புறம் நடத்துகிற குடித்தனம். அதற்குத்தான் பணம் எங்கிருந்து வரும் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று பேரும் வந்துவிடுங்கள். உன் கல்யாணத்துக்கு நான் கொடுத்த சைக்கிள் இன்னும் ஓடுகிறதா? பின்சக்கர மட்கார்டில் நானே வைத்த பற்று விட்டுப்போகாமல் இருக்கிறதா? எழுது.

பதிலுக்குத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அண்ணன் லாம்மெர்ட்


என்ஸ்கெடே,
20 அக்டோபர் 1935

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. செயலாளர் ஐயாவுக்கு என் வாழ்த்து. இருமலுக்கு வெங்காயத்தைச் சர்க்கரையில் ஊறவைத்துக் குடியுங்கள். அண்ணிக்குத் தெரியும், நீதான் குடிக்கமாட்டாய்.

நாங்கள் நலம். கிரீட்டுக்கு இரண்டு பல் விழுந்துவிட்டது. சிரிக்கும்போது பார்க்கச் சகிக்கவில்லை. அவருக்கு மில்லில் இப்போது இரவு முறை. பகலெல்லாம் தூங்குகிறார், அதனால் உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைப்பது கஷ்டம்.

எங்கள் எதிர்வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது. உதவித்தொகை வேண்டுமென்றால் முகாமுக்குப் போ, இல்லையென்றால் கிடையாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்களாம். எத்தனையோ ஊர் இருக்க, உங்கள் பக்கத்துக்குத்தான் அனுப்புகிறார்களாம். அங்கே குளிர் எப்படி, தரை ஈரமா, கிட்டத்தில் கடை உண்டா என்று அவர் மனைவி என்னைத் துளைக்கிறாள். கொஞ்சம் எழுது.

சைக்கிளுக்கு ஒரு குறையும் இல்லை. தினமும் ஓடுகிறது.

உன் தங்கை,
ஹில்லி


வோல்டர்வீன்,
10 நவம்பர் 1935

ஹில்லிக்கு,

வெங்காயம் குடித்தேன். அண்ணி பக்கத்தில் நின்று குடிக்கவைத்தாள். இருமல் போய் இப்போது ஏப்பம் வருகிறது. மற்றபடி நலம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் எதிர்வீட்டுக்காரரிடம் சொல், குளிர் இருக்கிறது, ஈரமும் இருக்கிறது, கடை இல்லை. இரண்டு கோஷ்டியும் வந்து மூன்று வாரமாகிறது, ஒன்று பாலத்துப் பக்கமிருந்தும் மற்றது நிலையத்துப் பக்கமிருந்தும் வெட்டிக்கொண்டு வருகிறார்கள். நிலையத்துப் பக்கத்தை நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. மேஸ்திரிதான் சனிக்கிழமைகளில் வந்து கதை சொல்லுகிறார். "என்ன சார் ஆளுங்க இவங்க! மம்மட்டிய ஃபிடில் மாதிரில்ல புடிக்கிறாங்க. ஒரு வேர் குறுக்க வந்துச்சுன்னா நாலு பேரு கூடி நின்னு அதுக்கு அஞ்சலி செலுத்துறாங்க" என்கிறார். வயிறு வலிக்கச் சிரித்தோம். பட்டணத்தில் தறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு மண் என்ன தெரியும்?

பணத்துக்கு ஒரு வழி தெரிகிறது. நம் சங்கத் தலைவர் நோட்டரி ஸ்லாகர் இருக்கிறாரே, கிளிஞ்சலுக்கும் பராமரிப்புக்கும் வருஷாவருஷம் ஒரு பெரிய தொகை தருகிறேன் என்கிறார். ஏதோ ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார், அடுத்த கூட்டத்தில் சொல்வாராம். அவர் தந்தால் போதும், பாதை என் காலத்துக்கும் நிற்கும்.

அன்புடன்,
லாம்மெர்ட்


என்ஸ்கெடே,
17 நவம்பர் 1935

அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம்.

மேஸ்திரி சொன்னதற்கு வயிறு வலிக்கச் சிரித்தாயா? அவர்களுக்குக் கொடுத்த மம்மட்டிகளில் பாதி மொண்ணை என்று அந்த மேஸ்திரி சொன்னாரா? கணுக்கால் தண்ணீரில் நின்று வெட்டுகிறார்கள் என்று சொன்னாரா? மரக்கட்டைச் செருப்புக்குள் வைக்கோல் திணித்துக்கொள்கிறார்கள், அது மத்தியானத்துக்குள் ஊறிப்போகிறது. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து, அதன்மேல் இன்னொரு கொப்புளம். ராத்திரி விரல் மடங்காமல் கடிதம்கூட எழுத முடியவில்லை. இதெல்லாம் எதிர்வீட்டுக்காரர் அவர் மனைவிக்கு எழுதியது. அவள் என் சமையலறையில் உட்கார்ந்து படித்துக் காட்டினாள்.

தறிக்காரனுக்கு மண் தெரியாது, சரி. உனக்குத் தறி தெரியுமா? ஒரு இழை அறுந்தால் எந்த இழை என்று விரலால் தடவிக் கண்டுபிடிப்பார்கள். அந்த விரல் அது.

கோபமாக எழுதிவிட்டேன். அண்ணிக்கு என் அன்பு.

ஹில்லி


வோல்டர்வீன்,
8 டிசம்பர் 1935

அடேயப்பா ஹில்லி,

எதிர்வீட்டுக்காரருக்காக இப்படி வரிந்துகட்டிக்கொண்டு வருகிறாயே, மாப்பிள்ளை இரவு முறை முடிந்து வந்து பார்த்தால் என்ன நினைப்பார்! சும்மா கேலிக்குச் சொன்னேன். மம்மட்டி விஷயத்தை மேஸ்திரியிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தார். ஆகவே உன் எதிர்வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை.

நோட்டரியின் நிபந்தனை தெரிந்துவிட்டது. வேலையில்லாதவர்கள் சைக்கிள் வரி கட்ட வேண்டாம் என்று இனாமாக ஒரு தகடு கொடுக்கிறார்கள் அல்லவா, நடுவில் ஓட்டை போட்டது? அந்த ஓட்டைத் தகடு மாட்டிய சைக்கிள் நம் பாதையில் ஏறக் கூடாது என்கிறார். அந்தத் தகட்டோடு ஞாயிற்றுக்கிழமை ஓட்டக் கூடாது என்று சர்க்காரே தடை போட்டிருக்கிறது, நாம் மிச்ச ஆறு நாளுக்கும் சேர்த்துப் போடுவோம் என்பது அவர் கட்சி. "காசு குடுக்கிறவன் பாதை, காசு குடுக்கிறவன் ஓட்டட்டும். இதுல பாவம் பரிதாபமெல்லாம் பார்த்தா ரெண்டே வருஷத்துல புதர் மூடிடும்" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. உறுப்பினர் சந்தா கட்டுகிறவனிடம் போய், கட்டாதவனும் ஓட்டுவான் என்றால் அவன் எதற்குக் கட்டுவான்? விதியை நானே எழுதிக் கொடுத்தேன், நாலே வரி. மார்ச் மாதப் பொதுக்கூட்டத்தில் ஓட்டெடுப்பு. வாசகம் கச்சிதமாக இருக்கிறது என்று நோட்டரி எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு நாளாவது வரப் பாருங்கள். அண்ணி உனக்காகப் பன்றித்தொடை உப்புப் போட்டு வைத்திருக்கிறாள்.

அண்ணன்,
லாம்மெர்ட்


என்ஸ்கெடே,
19 டிசம்பர் 1935

அண்ணாவுக்கு,

நலம். கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. அண்ணியிடம் நீயே சொல்லிவிடு.

ஒரு சந்தேகம் மட்டும். நீ எழுதிய அந்த நாலு வரி பாதையை வெட்டுகிறவர்களுக்கும் சேர்த்துத்தானா?

ஹில்லி


வோல்டர்வீன்,
23 பிப்ரவரி 1936

அன்புத் தங்கை ஹில்லிக்கு,

இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை. பள்ளிக்கூடத்தில் அம்மை, பாதிப் பிள்ளைகள் வரவில்லை, எனக்கும் ஒரு வாரம் காய்ச்சல். இப்போது தேவலை. அண்ணி நன்றாக இருக்கிறாள். குழந்தைக்குப் புதுப் பல் முளைத்ததா?

ஜனவரியில் ஒருநாள் நோட்டரியோடு நிலையத்துப் பக்கம் வேலையைப் பார்க்கப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு வேளை. ஆட்கள் தகரக் கொட்டகைக்குள் இருந்தார்கள். முகாமிலிருந்து வருகிற சைக்கிள்களை வெளியே சாய்த்து வைத்திருந்தார்கள். நோட்டரி தன் கைத்தடியால் ஒவ்வொரு தகடாகத் தட்டிக் காட்டினார். "பாருங்க வாத்தியாரே, எல்லாமே ஓட்டை. நாளைக்குப் பாதை முடிஞ்சதும் இத்தனை பேரும் நம்ம தலையிலதான் ஓட்டுவானுங்க" என்றார். அதில் ஒரு சைக்கிளின் பின்சக்கர மட்கார்டில் பற்று வைத்திருந்தது. பற்று நன்றாகப் பிடித்திருக்கிறது, விடவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டரி கூட இருந்தார்.

இந்தக் கடிதத்தோடு தனிப் பார்சலில் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை வரும். உன் எதிர்வீட்டுக்காரருக்கு. கால் அளவு மாப்பிள்ளையின் அளவாகத்தான் இருக்கும் என்று ஒரு யூகத்தில் வாங்கினேன். முகாமுக்கு நேரே அனுப்பலாம் என்று நினைத்தேன், பெயர் தெரியவில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


என்ஸ்கெடே,
1 மார்ச் 1936

அண்ணா,

காலுறை வந்தது. எதிர்வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டேன். அளவு சரியாக இருக்கும்.

அன்றைக்கு அவர் உன்னைப் பார்த்தாராம். கொட்டகைப் பலகை இடுக்கு வழியாக. நீ ஒரு சைக்கிளுக்கு முன்னால் குனிந்து, நிமிர்ந்து, தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு, அந்தப் பெரிய மனிதர் பின்னால் போய்விட்டாயாம். அவர் கையில் சூப்புக் கிண்ணம் இருந்ததாம், நீ போகிற வரைக்கும் குடிக்கவில்லை. நீ கதவைத் திறந்துவிடுவாயோ என்று பயந்தாராம். அப்புறம், திறக்கவில்லையே என்றும் இருந்ததாம். இதை அவர் எழுதவில்லை. பிப்ரவரியில் ஒருநாள் லீவில் வந்தபோது, கிரீட் தூங்கிய பிறகு சொன்னார். கிரீட் தூங்கிய பிறகு. புரிகிறதா உனக்கு? எங்கள் வீட்டில் சொன்னார். எதிர்வீட்டில் ஒரு கிழவரும் அவர் பூனையும்தான் இருக்கிறார்கள்.

எனக்கு உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. மறைத்தது நான்தான், சரி. உன் முன்னால் அவர் தலைகுனியக் கூடாது என்றுதான் மறைத்தேன். உனக்குத் தெரிந்த பிறகும் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, காலுறை அனுப்புகிறாயே!

அந்த விதி வந்தால் அவர் இனி உன் வாசல்படி ஏறமாட்டார். எனக்கு அவரைத் தெரியும். அவர் வராத வீட்டுக்கு நானும் கிரீட்டும் வரமாட்டோம். எனக்குக் கூடப் பிறந்தவன் நீ ஒருத்தன்தான், யோசித்துக்கொள்.

கூட்டம் என்றைக்கு?

ஹில்லி


வோல்டர்வீன்,
22 மார்ச் 1936

அன்புத் தங்கை ஹில்லிக்கு,

நேற்றுக் கூட்டம் நடந்தது. நடந்தபடியே எழுதுகிறேன்.

சத்திரத்து மாடியில் நல்ல கூட்டம். விதியை வாசிக்க வேண்டியது செயலாளர், அதாவது நான். வாசித்தேன். வாசித்து முடித்து, "இத எழுதினவன் நான். எடுத்துடுங்கன்னு கேக்கிறவனும் நான்தான்" என்றேன்.

நோட்டரி சிரித்தார். "என்ன வாத்தியாரே, கனவுல யாராச்சும் வந்து மிரட்டினாங்களா?"

"பாதைய வெட்டினவங்களுக்கே பாதை இல்லைன்னா, கேக்கவே நல்லா இல்லையே" என்றேன்.

கொல்லன் ஹென்ட்ரிக் பின்னாலிருந்து எழுந்தான். "அவங்களுக்குத்தான் கூலி குடுத்தாச்சுல்ல? என் வீட்டுச் சுவரைக் கட்டின கொத்தனாரு, நான்தான கட்டினேன்னு ராத்திரி என் கட்டில்ல வந்து படுத்துக்குவாரா?"

மாடி அதிரச் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அதோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. நியாயம் பேசினோம், எடுபடவில்லை, என்று உனக்கு எழுதிவிடலாம் என்று வாக்கியம்கூட யோசித்துவிட்டேன். நோட்டரி கையைத் தூக்கச் சொல்லிவிட்டார். அப்போது மறுபடி எழுந்தேன். சின்னப் பையன் பாடம் ஒப்பிப்பதுபோலக் கத்திவிட்டேன்.

"அந்த ஓட்டைத் தகட்டுக்காரங்கள்ல ஒருத்தர் பேரு எக்பெர்ட். என் தங்கச்சி புருஷன். எங்க வீட்டு மாப்பிள்ளை."

நோட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம். உங்க மாப்பிள்ளைக்கு மட்டும் தனியா ஒரு அனுமதிச் சீட்டு எழுதியிருப்போமே" என்றார்.

"வேண்டாங்க" என்றேன்.

ஓட்டெடுப்பில் விதி விழுந்தது, கொஞ்ச வித்தியாசத்தில். ஹென்ட்ரிக் எந்தப் பக்கம் கை தூக்கினான் என்று நான் பார்க்கவில்லை. இறங்கும்போது படிக்கட்டில் என்னோடு வந்தான். "உங்க மாப்பிள்ளை எந்தக் கோஷ்டி, ஸ்டேஷன் பக்கமா? மொண்ணை மம்மட்டியெல்லாம் பட்டறைக்கு அனுப்பச் சொல்லுங்க, தட்டித் தரேன்" என்றான். காசு பற்றிப் பேசவில்லை.

நோட்டரி தலைவர் பதவியையும் தொகையையும் சேர்த்து வாபஸ் வாங்கிவிட்டார். சந்தாவை ஏற்ற வேண்டியதுதான். ஏற்றுவோம் என்றதும் மூன்று பேர் விலகிவிட்டார்கள். கிளிஞ்சல் இந்த வருஷம் பாலத்திலிருந்து பாதித் தூரத்துக்குத்தான் வரும். நிலையத்துப் பக்கம் வெட்டின மண்ணாகவே கிடக்கும், மழைக்கு எத்தனை நாள் தாங்குமோ. கணக்கைப் பார்த்தால் தூக்கம் வரவில்லை.

கூட்டத்தைவிடப் பெரிய கூட்டம் வீட்டில் நடந்தது. அண்ணி பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள், அவளிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. கதவைச் சாத்தினதும் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு மாசமாத் தெரியும், இல்ல? வீட்டு மாப்பிள்ளை கூப்புடு தூரத்துல உக்காந்து முகாம் சாப்பாடு சாப்பிடுறாரு. நீங்க இங்க உக்காந்துக்கிட்டு, சூப்புல உப்புப் பத்தலைன்னு என்கிட்ட குறை சொல்லியிருக்கீங்க! மனுஷனா நீங்க?" இன்றைக்குக் காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. உப்பு நிறையப் போட்டிருந்தாள்.

மாப்பிள்ளைக்கு நான் எப்படி எழுதுவது? நீயே சொல்.

அண்ணன்,
லாம்மெர்ட்


என்ஸ்கெடே,
29 மார்ச் 1936

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் கிரீட்டும் சுகம். பல் முளைத்துவிட்டது, கோணலாக, உன்னுடையதைப் போல.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அழுதேன். எதற்கு என்று கேட்காதே, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பணம் போனதற்கு உண்மையாகவே வருத்தப்படுகிறேன். நீ அந்தப் பாதைமேல் எவ்வளவு ஆசையாக இருந்தாய் என்று எனக்குத் தெரியும்.

அவருக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். நடுவில் நின்று கடிதம் கடத்தி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. முகாம் விலாசம் கீழே இருக்கிறது. பெயர் உனக்குத் தெரியும். நேரே எழுது. அல்லது கதவைத் திறந்துகொண்டு போ.

அண்ணியிடம், அவள் பேசாமல் இருப்பது மிகச் சரி என்று நான் சொன்னதாகச் சொல்.

உன் தங்கை,
ஹில்லி


முகாம், நிலையத்துப் பக்கம்,
16 ஏப்ரல் 1936

மச்சான் லாம்மெர்ட் அவர்களுக்கு,

எக்பெர்ட் எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நான் நலம். கை பழகிவிட்டது. காலுறைக்கு நன்றி.

கூட்டத்தில் நடந்ததை நீங்கள் எழுதுவதற்கு முன்பே மேஸ்திரி சொல்லிவிட்டார். கொட்டகையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சூப்பைக் குடித்து முடித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் நாங்கள் வெட்டிய பாதையில் தனியாக நடந்து போய்விட்டு வந்தேன். அந்தக் கூட்டத்தைப் பற்றி நேரில்கூட என்னால் பேச முடியுமா என்று தெரியவில்லை. பேசாவிட்டால் வருத்தப்படாதீர்கள்.

நிலையத்துப் பக்கத்துக்கு இந்த வருஷம் கிளிஞ்சல் கிடையாது என்று கேள்விப்பட்டேன். அது நாங்கள் வெட்டிய துண்டு. பரவாயில்லை. வண்டிகள் நுழையாமல் எங்கள் முனையில் கம்பம் நட்டுவிட்டோம். மொண்ணை மம்மட்டிகள் பட்டறையிலிருந்து வந்துவிட்டன, இப்போது வெட்டுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறீர்கள். வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை என் சைக்கிளை ஓட்டக் கூடாது, அதனால் பாதை வழியாக நடந்து வருகிறேன். பாலத்துப் பக்கத்தை நான் இன்னும் பார்த்ததில்லை.

ஒரு விஷயம் யான்டீன் அக்காவிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். என்னோடு ஒரே அறையில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ரோட்டர்டாம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், இந்தப் பக்கம் அவர்களுக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களையும் கூட்டி வரலாமா? கேட்டதற்கு ஒருவர் சொன்னார், "நீ அந்த வீட்டு மாப்பிள்ளை, போவ. நாங்க யாருன்னு கேட்டா உங்க மச்சான் என்ன சொல்லுவாரு?"

உங்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

எக்பெர்ட்